ஈரக் குப்பை வாசலைத் தாண்ட வேண்டாம்

பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கு பேர். மாநகராட்சி வண்டியில் போடும் குப்பையைப் பாதியாகவாவது குறைக்க நினைத்து, உரம் தயாரிக்கும் வாளி ஒன்றை வாங்கியிருக்கிறார். சில வாரங்களிலேயே நாற்றம், புழு. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் வாளியை அப்புறப்படுத்தச் சொல்கிறார். இதைச் சரிசெய்ய முடியுமா, பிளாஸ்டிக்கை யாரிடம் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை மீன் கழிவை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும். வாளியை வீச வேண்டாம். நாற்றத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: சருகு போதவில்லை. காய்கறிக் கழிவின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் போட்டு மூடிவைத்தால், கசியும் நீர் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. காற்று புகாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தாம் அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்குகின்றன. காற்றோட்டத்தோடு மக்கும் குவியலில் அந்த நாற்றம் வரவே வராது. ஈரமண் வாசனைதான் இருக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. வாளியில் இருப்பதை மொட்டை மாடியில் நிழலான இடத்தில் பழைய சாக்கின் மேல் கொட்டுங்கள். அதே அளவு காய்ந்த சருகைக் கையால் நொறுக்கிக் கலந்து, அரைநாள் காற்றாட விடுங்கள். வாளியின் அடியில் தேங்காய்த் தும்பைப் பிய்த்து நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டு, கலவையைத் திரும்பப் போடுங்கள். மேலே இன்னும் ஒரு கைப்பிடி சருகைத் தூவி மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கிவிடும். வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வரிசையாகத் துளையிட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டை வைத்து மறையுங்கள். இரண்டு செங்கல் மேல் வாளியை நிறுத்தி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். வீட்டுக்காரரின் கோபத்தில் பாதி, தரையில் ஒழுகிக் கறையாகும் அந்தப் பழுப்பு நீரால் வந்ததாகத்தான் இருக்கும்.

புழுவைக் கண்டு பயப்பட வேண்டாம். விரல் கணு அளவில், தட்டையாக, பழுப்பு நிறத்தில், உடம்பில் வளையம் வளையமாக வரிகள் இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈ என்னும் பூச்சியின் புழு. நீங்கள் போடும் கழிவை எல்லாவற்றையும்விட வேகமாகத் தின்று தீர்ப்பது அதுதான். அது வளர்ந்து ஈயான பிறகு சாப்பாட்டில் மொய்ப்பதில்லை, கடிப்பதும் இல்லை, நோயையும் பரப்புவதில்லை. வெள்ளையாகச் சிறிய புழுக்கள் நெளிந்தால் அவை சாதாரண ஈயின் புழுக்கள். கழிவு மூடப்படாமல் வெளியே தெரிகிறது என்பதற்கு அடையாளம். இரண்டுக்கும் மருந்து சருகுதான். ஈரம் குறைந்தால் இரண்டும் குறையும். எறும்பு ஏறினால் மட்டும் கதை வேறு: குவியல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இதன் கணக்கைப் புரிந்துகொண்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து இருப்பதுதான் அவற்றுக்குத் தோதான அளவு. காய்கறித் தோலில் கரிமச்சத்து அந்த அளவுக்கு இல்லை. காய்ந்த இலையில் அதைவிட மிக அதிகமாக இருக்கிறது. இரண்டையும் கொள்ளளவில் சரிக்குச் சரி கலந்தால் ஏறத்தாழ நடுவில் வந்து நிற்கும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் கரிமச்சத்து கூடிவிட்டது. ஈரத்துக்கும் எளிய சோதனை உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் குறைவு. கடையில் விற்கும் மக்கவைக்கும் பொடிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி புளித்த மோரோ, ஒரு கைப்பிடி சாணக் கரைசலோ, ஏற்கெனவே மக்கிய உரமோ போதும். நுண்ணுயிர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வீடுகளில் பஞ்சம் சருகுக்குத்தான்.

ஆகவே சருகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலை கொட்டுகின்றன. பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி வளாகங்களை ஒட்டிய தெருக்களில் காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடி மூடிக் கிடக்கும். அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நான்கைந்து அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு மாதங்களில் நிரப்பி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் பெரும்பகுதி அது தாங்கும். வேப்பிலை கசப்பு, கிருமிகளைக் கொன்றுவிடும், மக்காது என்று சிலர் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த வேப்பஞ்சருகு மற்ற இலைகளோடு கலந்து மக்கத்தான் செய்கிறது. சருகு கிடைக்காத மாதங்களில் தேங்காய்த் தும்புத்தூள், மரத்தூள், கிழித்த அட்டைப்பெட்டி, அச்சிடாத முட்டை அட்டை ஆகியவை உதவும். தும்புத்தூள் மெல்லத்தான் மக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதில் அதற்கு இணையில்லை.

பருவமும் இங்கே முக்கியம். வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் மொட்டை மாடி வாளி இரண்டு நாளில் உலர்ந்துபோகும். அப்போது மூடியின் மேல் நனைத்த சாக்கைப் போட்டுவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு. மழைச்சாரல் படாத இடத்துக்கு வாளியை நகர்த்தி, சருகைக் கூட்டுங்கள். சித்திரை வெயிலில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாளிக்குப் பதில் மண்பானை கிடைத்தால் இன்னும் நல்லது. சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் குயவர்கள் இன்றும் பானை வனைகிறார்கள். பக்கத்தில் துளையிட்ட பானை வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் ஈரக் களிமண்ணிலேயே துளையிட்டுச் சுட்டுத் தருவார்கள். மண்பானையின் சுவர் ஈரத்தைத் தானே வெளியேற்றுவதால் மழைக்காலத்திலும் தொந்தரவு குறைவு. எதுவானாலும் இரண்டு வேண்டும்: ஒன்று நிறைந்ததும் மூடி ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கவேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு கம்பால் அடிவரை கிளறிவிடுங்கள். கிளறும்போது உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கும், கைக்கு இளஞ்சூடு தெரியும். இரண்டும் நல்ல அறிகுறி. பெரிய குவியல்களில் சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி விதைகளும் கிருமிகளும் மடியும். வீட்டு வாளியில் அவ்வளவு சூடு ஏறாது. அதனால்தான் தக்காளி, பூசணி விதைகள் பிறகு தொட்டிகளில் தாமாக முளைக்கின்றன.

என்ன போடலாம்? காய்கறித் தோல், கீரைத்தண்டு, தேயிலை, காப்பித்தூள், முட்டை ஓடு, சாமிக்குப் போட்ட பூ, புளியங்கோது, நறுக்கிய வாழை இலை. வாழை இலையை அப்படியே போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். நடுநரம்பை எடுத்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். நம் அடுக்களையில் கவனிக்க வேண்டியது தேங்காய்ச் சக்கை. சொதி வைக்கும் நாளில் மூன்று பால் எடுத்தபின் இருநாழிச் சக்கை மிஞ்சும். அதைக் கட்டியாகப் போட்டால் மறுநாளே புளித்து ஈ மொய்க்கும். உதிர்த்து, இரண்டு பங்கு சருகோடு புரட்டிப் போட வேண்டும். சிரட்டை வாளியில் மக்காது. தனியாகச் சேருங்கள், கரி சுடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சோறு, குழம்பு மிச்சத்தை உப்பும் எண்ணெயும் காரணமாகக் கொஞ்சமாக மட்டும் போடலாம். திருநெல்வேலி டவுனிலும் மேலப்பாளையத்திலும் வளவு வீடுகளில் இன்னும் மாடு வைத்திருக்கிறார்கள். அருகில் மாடு இருந்தால் கழுநீரும் காய்த்தோலும் அங்கே போவதைவிடச் சிறந்த வழி கிடையாது. அதில் ஒரு பிளாஸ்டிக் துண்டுகூட விழாமல் பார்ப்பது நம் கடமை. பிளாஸ்டிக் பையை விழுங்கிய மாட்டின் வயிறு அடைத்து அது செத்துப்போகும்.

நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஈரக் குப்பை சேரும். நம் நாட்டு நகரங்களின் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி இதுதான். நீங்கள் கேட்ட 'பாதி' இங்கேயே முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. குப்பைத் தொட்டியில் நாற்றமும் ஈரமும் எதனால் வருகின்றன? இந்தப் பாதியால். இது வெளியே போகாவிட்டால் மிச்சப் பாதி காய்ந்த, சுத்தமான, விலைபோகும் பொருளாக நிற்கும். சாம்பார் ஒட்டிய செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். அதே தாள் காய்ந்திருந்தால் எடை போட்டுக் காசு தருவார். ஈரக் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உர மையங்களுக்கும் இதே நியாயம்தான். பிளாஸ்டிக் கலந்து வரும் ஈரக் குப்பையிலிருந்து அவர்களால் நல்ல உரம் எடுக்க முடியாது.

கலந்தது எங்கே போகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரன்கோவில் சாலையில் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு பலமுறை தீப்பிடித்து எரிந்திருக்கிறது. புதைந்து கிடக்கும் ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எரியும் வாயு. பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் வலிமை உள்ளது. அதோடு பிளாஸ்டிக்கும் துணியும் சேர்ந்தால், ஒருமுறை பற்றிய தீ உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் ராமையன்பட்டி மக்கள். அவர்கள் நம் வீட்டுக் கீரைத்தண்டுக்காக இருமுகிறார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

இனி உலர்ந்த குப்பை. உங்கள் வீட்டில் தினமும் சேருவது பால் கவராகத்தான் இருக்கும், அதிலிருந்தே தொடங்குகிறேன். கவரின் மூலையைக் கத்தரிக்கும்போது துண்டு தனியாக விழாதபடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டுங்கள். அந்தக் கட்டைவிரல் நக அளவுத் துண்டை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அது நேராகச் சாக்கடைக்கும் அங்கிருந்து தாமிரபரணிக்கும் போய்ச் சேரும். காலிக் கவரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டு உலர்த்துங்கள். நூறு கவர் சேர்ந்தால் கைக்கு அடக்கமான ஒரு கட்டுதான். பழைய இரும்புக் கடைகளில் இதற்குத் தனி விலை உண்டு.

மற்ற பிளாஸ்டிக்குகளில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 1 தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். 2 ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் போன்ற கெட்டியானவை. 4 பால் கவர் வகை. 5 டப்பா, மூடி வகை. இந்த நான்கும் விலைபோகும். பி.வி.சி. எனப்படும் 3, தெர்மக்கோல் வகையான 6, பல பொருள் கலந்த 7 ஆகியவற்றை எடுக்க ஆள் கிடைப்பது கடினம். அலுமினியம், இரும்பு, பித்தளை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டியே அவற்றைப் பேரீச்சம்பழத்துக்கு மாற்றியவர்கள். அலுமினியத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 95 விழுக்காடு மிச்சம்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே ஆகியவைதாம் உண்மையான தலைவலி. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்க முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலையில் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிமெண்ட் ஆலைகளின் சூளையிலும் இத்தகைய கழிவை எரிபொருளாகச் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் அது உலர்ந்து, தனியாக வந்து சேர வேண்டும். ஒரு சாக்கில் திணித்துச் சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். என் கருத்தைக் கேட்டால், இந்த வகையில் மறுசுழற்சியைப் பெரிதாக நம்பிப் பயனில்லை. வாங்காமல் இருப்பதுதான் வழி. பாளை மார்க்கெட்டிலும் டவுன் கடைகளிலும் பருப்பு, மிளகாய், புளி எல்லாம் இன்னும் நிறுத்துத்தான் தருகிறார்கள். டப்பாவைக் கொண்டுபோனால் அதிலேயே போட்டுத் தருவார்கள். கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் வாங்கலாம். அந்தக் கொட்டானும் கடைசியில் உர வாளிக்கே போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அதில் அடக்கம். கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் அதை அட்டைப்பெட்டி கணக்கில் வாங்குவதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் நம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நாமெல்லாம் கொதித்தோம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அவர்களே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதே நியாயத்தில் நம் வீட்டுத் தொட்டியையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இன்சுலின் ஊசி காய்த்தோலோடு போகிறது. குழந்தையின் டயப்பரும் சானிட்டரி நாப்கினும் கட்டாமல் போகின்றன. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைப் பிரிக்கிறார். ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் ஒட்டி, உங்களுக்கு இன்சுலின் எழுதித் தரும் மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் இப்படியே. பேட்டரி, பழைய சார்ஜர், பாதரசம் உள்ள குழல் விளக்கு ஆகியவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் மட்டும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. ஆனால் இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்வதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எதையும் எரிக்காதீர்கள். பி.வி.சி. கலந்த குப்பையைத் திறந்த வெளியில் குறைந்த சூட்டில் எரிக்கும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகிறது. பழைய துணியை ஆற்றில் விடுவதும் இதைப் போன்றதே. தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில் குளிப்பவர்கள் ஆற்றில் விடும் துணிகளில் பாலியெஸ்டர் மக்குவதே இல்லை. அது நாம் குடிக்கும் ஆறு. பருத்தித் துணியைத் துடைப்பதற்கும் பை தைப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

மீன் கழிவு வாளிக்குள் போகக் கூடாது. பூனையும் பெருச்சாளியும் வரும், வீட்டுக்காரர் கோபமும் திரும்பி வரும். அதற்கு மீன் அமிலம் செய்யுங்கள். செதில், குடல், தலை எல்லாவற்றையும் நிறுத்து, அதே எடைக்குப் பொடித்த வெல்லமோ மட்டமான கருப்பட்டியோ சேர்த்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி இறுக்கமாக மூடி நிழலில் வையுங்கள். முதல் வாரத்தில் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தேன் நிறத்தில் குழைவான நீர் பிரிந்திருக்கும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வீதம் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் கறிவேப்பிலையும் கத்தரியும் தளதளவென்று வளரும். வெல்லம் குறைந்தால் மட்டுமே அழுகல் வாடை வரும். எடையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

வாளி நிறைந்து மூடிவைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்தில் உள்ளிருப்பது வெகுவாக அமிழ்ந்து, கருப்பாக, உதிரியாக மாறியிருக்கும். மணல் சலிக்கும் வலையில் சலித்தெடுங்கள். மக்காமல் நிற்கும் மாங்கொட்டையையும் தும்பையும் அடுத்த வாளியின் அடியில் போட்டால் அவையே புதிய கழிவுக்கு உறைமோராகிவிடும். உரத்தை மட்டும் வைத்துச் செடி நடாதீர்கள். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலக்க வேண்டும். மிஞ்சினால் முதல் பை வீட்டுக்காரரின் மல்லிகைக்கும் தென்னைக்கும் போகட்டும். அதற்குமுன் ஒரு சோதனை: இரண்டு கைப்பிடி உரத்தை லேசாக ஈரப்படுத்தி, ஒரு கவரில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு நாள் வையுங்கள். பிரிக்கும்போது மண்வாசனை வந்தால் உரம் முதிர்ந்துவிட்டது. புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம் மூடிவையுங்கள்; அவசரப்பட்டுப் போட்டால் வேர் கருகும்.